பச்சைப் பட்டை வைத்த ரவிக்கை

பெரியத்தை என் ரவிக்கையைப் பார்த்தாரா, இல்லையா? ஊரிலிருந்து திரும்பியாயிற்று, பெட்டிகளைக் காலி செய்தாயிற்று, மகளின் காதுப் புண்ணும் ஆறிவிட்டது. இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை. பார்த்திருந்தால், அன்று அவர் எனக்கு அளித்தது பெரிய மன்னிப்பு. பார்க்கவில்லை என்றால், பிழைத்து எழுந்து வந்த ஒருவரை நானும் சேர்ந்து ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன்.

நான் இருப்பது இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்தில். பிறந்து வளர்ந்தது திருச்சி. கணவரின் ஊர் சங்கரன்கோவில். எங்கள் மகள் மகிழுக்குக் கோமதியம்மன் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்துவதாக மாமியார் நேர்ந்திருந்தார். கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நானும் இரண்டு வயது மகிழும் இரண்டு பெட்டிகளும் கிளம்பினோம். வந்து சேர்ந்தது நானும் மகிழும் ஒரு பெட்டியும்.

வந்தது டயப்பரும் சாக்லேட்டும் இருந்த பெட்டி. வராதது என் பட்டுச் சேலையும் ரவிக்கையும் இருந்த பெட்டி.

மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். ரயில் நிலையத்துக்கு வந்திருந்த அத்தை என்னைப் பார்க்கும் முன் பெட்டியைத்தான் பார்த்தார். "ஒத்தப் பொட்டிதானா மக்கா?" என்றார். விமானக் கம்பெனியில் நாளைக்கு வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள் என்றேன். விசேஷம் வெள்ளிக்கிழமை. அன்று ஞாயிறு. அவகாசம் இருப்பதாக இருவரும் நம்பினோம்.

மற்றவர்களுக்கு இது ஒரு பெரிய விஷயமாக இருக்காது. கடைக்குப் போனால் ஒரு மணி நேரத்தில் வேறு சேலை. என் மார்பளவு நாற்பத்தாறு. பிள்ளை பெற்ற பிறகு கூடிய உடம்பு கூடியபடியே நின்றுவிட்டது. தொலைந்துபோன அந்த ரவிக்கையை லீட்ஸில் ஒரு குஜராத்தி அம்மாவிடம் திரும்பத் திரும்பப் பிரித்துத் தைத்து வாங்கியிருந்தேன். அதைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்திருக்க வேண்டுமோ என்று ரயில் முழுக்க யோசித்தபடி வந்தேன். கைப்பையில் மகிழின் காய்ச்சல் மருந்து இருந்தது. எதை எடுத்துவிட்டு எதை வைத்திருப்பேன்?

திங்கட்கிழமை பெட்டி வரவில்லை. அத்தையும் நானும் கடைத்தெருவுக்குப் போனோம். பட்டுக்கடையில் விற்பனைப் பையன் உள்ளே திரும்பி, "அக்காவுக்கு டார்க் கலரா எடுத்துப் போடுலே, ஒல்லியாத் தெரியும்" என்று சத்தமாகச் சொன்னான். உதவி செய்யும் நினைப்பில்தான் சொன்னான். கடையிலிருந்த எல்லோரும் ஒல்லியாகத் தெரிய வேண்டியவர் யார் என்று திரும்பிப் பார்த்தார்கள்.

சேலை எல்லோருக்கும் பொருந்தும் என்பது பருமனாக இல்லாதவர்கள் சொல்வது. இப்போது வருகிற சேலைகள் எனக்கு ஒரு சுற்று வந்ததும் கொசுவத்துக்கு மூன்று மடிப்புதான் மிஞ்சும். முந்தி தோளைத் தாண்டித் தொங்காமல் பாதி முதுகில் நின்றுவிடும். அது போகட்டும் என்றாலும், ரெடிமேட் ரவிக்கை நாற்பத்திரண்டோடு நின்றுவிட்டது.

தையற்கடையில் தரை தெரியாமல் துணி குவிந்திருந்தது. தையற்காரர் தலை நிமிராமல் பேசினார். "முகூர்த்தம் எல்லாம் முடியட்டும் அக்கா. எம் பொண்டாட்டி ரவிக்கையே வெட்டாமக் கெடக்கு. வீட்டுக்குப் போனாச் சோறு கெடைக்க மாட்டேங்கு."

அத்தை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னார்: "நான் என்னத்தையும் சுத்திக்கிட்டு நிக்கலாம். நீ பிள்ளையோட தாயில்லா. சொந்தக்காரக எல்லாம் உன்னையத்தான் பாப்பாக. தாய் பட்டுடுத்தாம நின்னா, மகன் வெளிநாட்டுல கஷ்டப்படுதானோன்னு நெனப்பாக."

லீட்ஸில் நான் பழைய துணிக்கடைகளுக்குப் போகிறவள். தெருவுக்குத் தெரு அறக்கட்டளைக் கடைகள் உண்டு. ஐம்பது, அறுபது வருடத்துக்கு முந்தைய கோட்டும் கவுனும் தனியாக 'வின்டேஜ்' என்று தொங்கும். புதியதைவிட அதற்குத்தான் மரியாதை. அங்கேயும் என் அளவுக்கு அரிதாகத்தான் கிடைக்கும். கடையில் இருக்கும் பெண்மணி ஒருமுறை காரணம் சொன்னார்: "பெரிய உடையை வெட்டிச் சின்னதாக்கலாம். அதனால் பெரியவை மிஞ்சுவதில்லை. சின்னவைதான் அப்படியே கிடக்கும்." அன்றிலிருந்து பெரிய அளவில் ஒரு பழைய உடை கண்ணில் பட்டால், அது எத்தனை கத்தரிக்குத் தப்பி வந்ததோ என்று தோன்றும்.

இந்தக் கடைகளைப் பற்றி அத்தையிடம் முன்பு ஒருமுறை சொல்லிவிட்டேன். முகம் சுளித்துவிட்டார். "அடுத்தவ உடுத்தினதையா? அவ செத்தவளா இருந்தா?" இத்தனைக்கும் அம்மனுக்குச் சாத்திய சேலையை விலைக்கு வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கட்டுகிறவர் அவர். அதைச் சொல்லலாமா என்று வாய்வரை வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை மகிழுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது தெருவில் ஒலிபெருக்கி கேட்டது. "பழைய பட்டுச் சேலை, பழைய பேன்ட் சட்டைக்கு எவர்சில்வர் பாத்திரம்!" மொபெட்டின் இரண்டு பக்கமும் சட்டிகள் பளபளக்க ஒரு பெண் போனார். மகிழ் சட்டியைப் பார்த்துக் கை தட்டினாள். நான் கையில் இட்லியோடு எழுந்துவிட்டேன். வாங்கிய துணிகள் எல்லாம் எங்காவது போய்ச் சேர வேண்டும் அல்லவா?

பூ வாங்கி வருகிறேன் என்று அத்தையிடம் சொல்லிவிட்டு மகிழைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். அத்தையிடம் நான் சொன்ன முதல் பொய் அது. அதை உண்மையாக்குவதற்காக முதலில் போய்ப் பூவும் வாங்கிக்கொண்டேன். அதன் பிறகு ஆட்டோக்காரரிடம் விசாரித்தேன். "இசக்கியம்மா செட்டுதான? மார்க்கெட்டுக்குப் பின்னால" என்று கொண்டுபோய் விட்டார்.

தகரக் கொட்டகை. ஒரு பக்கம் பாத்திரம், ஒரு பக்கம் துணி மூட்டைகள். இசக்கியம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். அப்போதுதான் வந்து மொபெட்டை நிறுத்தியிருந்தார்.

"என்ன மைனி, துணி போடணுமா?"

"இல்லங்க, வாங்கணும். பழைய பட்டுச் சேலை. ரவிக்கையோட இருந்தா நல்லது."

"ஏ யம்மா! ஊரே துணியக் குடுத்துச் சட்டி வாங்குது. நீங்க சட்டியக் குடுத்துத் துணி வாங்க வந்திருக்கியளா?" என்று சிரித்தார். "யாருக்கு?"

"எனக்குத்தான்."

என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். கடைப் பையன் பார்த்ததுபோல் இல்லை. சட்டியை வாங்கும்முன் தட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது. "பட்டுன்னா ஜரிகைக்காரன் அள்ளிக்கிட்டுப் போயி உருக்கிருவான். போன மாசம் சுத்துப்பட்டுல எடுத்த மூட்ட ஒண்ணு பிரிக்காமக் கெடக்கு. ஒரு ஆளு நல்லாக் கட்டையா இருந்து உடுத்தினது. இருங்க."

மூட்டைக்குள்ளிருந்து அரக்குச் சிவப்பில் ஒரு பட்டு வந்தது. பிரிக்கப் பிரிக்க வந்துகொண்டே இருந்தது. எட்டு கஜம். தடித்த நூல், மங்காத கரை. அதன் மடிப்புக்குள் அதே நிறத்தில் ரவிக்கை. இரண்டு கைகளிலும் தோளிலிருந்து முழங்கை வரை நடுவே இரண்டு விரல் அகலத்துக்குப் பச்சைப் பட்டை வைத்துத் தைத்திருந்தது.

"யாரோடது?" என்று கேட்டேன்.

"அது மட்டும் கேக்கப்பிடாது. ஒரு வீட்டுத் துணியப் பத்தி இன்னொரு வீட்ல பேசினா, அடுத்த தடவ எவ கதவத் தெறப்பா?"

"செத்தவங்களோடதா?"

"இல்ல மைனி. அத நான் கேட்டுட்டுத்தான் எடுப்பேன். உசுரோட இருக்கவுக துணிதான். பிள்ளக்காரிகிட்டப் பொய் சொல்லுவனா?"

அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமாக இருந்தது. உயிரோடு இருக்கிற ஒருவருடையது என்றால் யாருக்கும் பாவமில்லை என்று அப்போது நினைத்தேன்.

தொங்கிய போர்வைக்குப் பின்னால் நின்று போட்டுப் பார்த்தேன். மகிழ் சட்டிகளைத் தட்டிக்கொண்டிருந்தாள். கீழ்க் கொக்கியிலிருந்து மேல் கொக்கி வரை மூச்சை இழுக்காமல் மாட்ட முடிந்தது. பிரசவத்துக்குப் பிறகு முதல்முறை. கழற்றி உள்ளே திருப்பிப் பார்த்தேன். நம் ஊரில் ரவிக்கை தைக்கும்போது உடம்பு கூடினால் பிரித்துவிட்டுக்கொள்ள உள்ளே இரண்டு மூன்று தையல் வரிசை போட்டு வைப்பார்கள். இதில் எல்லா வரிசையும் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பிரித்த இடத்தில் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. கடைசித் தையல் மட்டும் நின்றது. துணி முடிந்த பிறகும் கை பத்தாமல்தான் பச்சைப் பட்டை வைத்திருக்கிறார்கள் என்று புரிந்தது. முகம் தெரியாத அந்தப் பெண்ணை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

அத்தையிடம் பட்டு எடுத்தாயிற்று, ஃபால்ஸ் தைக்கக் கொடுத்திருக்கிறேன் என்றேன். இரண்டாவது பொய். சேலை என் கட்டிலுக்கு அடியில், டயப்பர் பெட்டிக்குள் இருந்தது.

புதன்கிழமை புளியங்குடிக்குப் போக வேண்டியிருந்தது. அத்தையின் அக்கா அங்கே மகன் வீட்டில் இருக்கிறார். நான் பெரியத்தை என்று கூப்பிடுவேன். என் கல்யாணத்தில் பார்த்தது, அப்போது கூட்டத்தில் யார் முகமும் என் மனதில் நிற்கவில்லை. வயிற்றில் ஆபரேஷன் ஆகி மதுரையில் மாதக்கணக்கில் கிடந்து, இப்போதுதான் வீடு திரும்பியிருந்தார். நேரில் போய் அழைக்காவிட்டால் தப்பு. கார் பிடிக்கலாம் என்றேன். "எதுக்கு? பஸ்ஸு வரிசையா நிக்கி" என்றார் அத்தை.

பேருந்து நிலையத்துக்குப் போகும் வழியில் பிரியாணி வாசனை. விசேஷம் முடியும் வரை வீட்டில் கறி கிடையாது. லீட்ஸில் இந்த ஊர் பிரியாணியை நினைத்துக் கணவர் விடும் பெருமூச்சுக்கு அன்றுதான் அர்த்தம் தெரிந்தது.

மூன்று பேர் உட்காரும் சீட்டில் அத்தை, நான், என் மடியில் மகிழ். மூன்றாவதாக ஒரு அம்மா விளிம்பில் உட்கார்ந்திருந்தார். "அக்கா, கொஞ்சம் நெருங்கி இருங்க" என்றார் நடத்துனர். அந்த அம்மா திரும்பி, "அவுக இதுக்கு மேல எங்கன நெருங்க? டிரைவர் மடிக்கா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில் கோபம் இருந்ததா, ஆதரவு இருந்ததா என்று தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம்.

பாதி வழியில் டயர் பஞ்சரானது. வெயிலில் எல்லோரும் ரோட்டில் இறங்கி நின்றோம். மகிழின் தண்ணீர் தீர்ந்துபோனது. அடுத்து வந்த பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. கடைசியில் எலுமிச்சை மூட்டை ஏற்றி வந்த வேன்காரர் நிறுத்தினார். சரக்கு வண்டியில் ஏற மாட்டேன் என்று நின்ற அத்தையை, "ஏறுங்க ஆத்தா, பழத்துக்கு உள்ள மரியாத உங்களுக்கும் உண்டு" என்று சொல்லி முன் சீட்டில் ஏற்றினார். புளியங்குடியில் இறங்கும்போது எங்கள் மூவர் மேலும் எலுமிச்சை மணத்தது.

பெரியத்தை கட்டிலில் சாய்ந்திருந்தார். மெலிந்து, கழுத்து எலும்பு தெரிந்தது. ரவிக்கை தோளில் நிற்காமல் சரிந்தது. "அடையாளம் தெரியலைல்லா?" என்றார் என்னிடம். "எனக்கே தெரியல மக்கா. கண்ணாடியில பாத்தா எவளோ ஒருத்தி நிக்கா. அந்தா பாரு, நான் அங்கன இருக்கேன்."

சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினார். மகன் கல்யாணத்தில் எடுத்தது. மணமக்களுக்குப் பக்கத்தில் என்னைவிடப் பெரிய உடம்போடு, நிமிர்ந்து நின்று சிரிக்கிறார். அரக்குச் சிவப்புப் பட்டு. கையில் பச்சைப் பட்டை.

மகிழை இறக்கிவிட்டேன். படத்துக்குக் கிட்டே போய்ப் பார்த்தேன். அதே பட்டை.

பெரியத்தை பேசிக்கொண்டே போனார். "கடைச் சேல எனக்குப் பத்தாது. அதுக்காகவே எங்க வீட்டுக்காரக தறியில சொல்லி எட்டு கஜம் நெய்ய வச்சாக. கல்யாணத்துக்கு மொத நாள் ரவிக்கையப் போட்டா, கை ஏற மாட்டேங்கு! டெய்லரு நடுவுல கீறிப் பச்சப் பட்டைய வச்சுட்டான். அதுக்கப்புறம் இந்த ஊர்ல குச்சி மாதிரி இருக்கவளுவ கூட ஸ்டைலுன்னு பட்ட வச்சுத் தச்சாளுவ." சிரித்து, இருமி, நிறுத்தினார். "அவுக போனப்புறம் நான் அதை உடுத்தல. இந்தப் பிள்ளைக் காதுகுத்துக்கு உடுத்தணும்னு மதுரையில கெடக்கும்போதே நெனச்சேன். ஏட்டி கனகா, அத வெயில்ல போடச் சொன்னேனே, போட்டியா?"

வாசற்படியில் நின்ற மருமகள் கனகா, "பாலிஷுக்குக் குடுத்திருக்கு அத்தை" என்றாள். என்னைவிடச் சின்னவள். அவள் குரலை நான் உடனே அடையாளம் கண்டுகொண்டேன். ஃபால்ஸுக்குக் கொடுத்திருக்கிறேன் என்று நான் சொன்ன அதே குரல்.

ஜூஸ் போடுகிறேன் என்று அடுப்படிக்குப் போனவள் பின்னால் நானும் போனேன். அத்தையும் பெரியத்தையும் அழைக்க வேண்டியவர்களின் பெயர்களைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அந்தச் சேலை என்கிட்ட இருக்கு" என்றேன்.

கனகா எலுமிச்சம்பழத்தை அறுக்காமல் கத்தியைப் பிடித்தபடி நின்றாள். "எங்கன கெடச்சுது யக்கா?"

"பாத்திரக்கார அம்மாகிட்ட."

அடுப்படி மூலையில் ஒரு புது எவர்சில்வர் தவலை இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், நானும் பார்த்தேன். கேட்க வேண்டியதில்லை.

"சட்டிக்கு ஆசப்பட்டு இல்லக்கா" என்றாள். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, இனிமே எங்க கையில இல்லன்னு டாக்டர் சொன்னாரு. எங்க வீட்ல உள்ளவுக மதுரையில இருந்து போன் போட்டு, அம்மா வாரதுக்குள்ள அந்த ரூம ஒழிச்சு வையி, அம்மா துணியப் பாத்தா எனக்குத் தாங்காதுன்னு அழுதாக. நானும் அழுதுக்கிட்டேதான் மூட்ட கட்டுனேன். உள்ள என்ன இருக்குன்னு பாக்கல. இவுக எந்திரிச்சு நடப்பாகன்னு யாரு கண்டா? உசுரோட இருக்கும்போதே துணிய வெளிய போட்டுட்டோம்னு தெரிஞ்சா அவுக தாங்குவாகளா? நாம செத்துட்டோம்னு முடிவு பண்ணிட்டாளேன்னு நெனக்க மாட்டாகளா?"

சேலையைத் திருப்பித் தந்துவிடுகிறேன் என்றேன். பாலிஷ் முடிந்து வந்துவிட்டது என்று அவள் சொல்லிக்கொள்வதாக முடிவானது. அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஜூஸில் சர்க்கரை போட மறந்திருந்தாள். மகிழ் துப்பிவிட்டாள்.

வியாழக்கிழமை பஸ் ஸ்டாண்டில் கனகாவைச் சந்தித்தேன். பழம் வாங்கப் போவதாக அத்தையிடம் சொல்லியிருந்தேன். பொய்களை அதற்குமேல் எண்ணவில்லை. சேலையைப் பையோடு கொடுத்தேன். ரவிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அன்று காலையும் விமானக் கம்பெனியில் நாளைக்கு என்றுதான் சொன்னார்கள். எனக்கு வேறு ரவிக்கை கிடையாது. லீட்ஸிலிருந்து போட்டு வந்த சுடிதார்தான் இருந்தது. "இது மட்டும் நாளை ஒரு நாள் என்கிட்ட இருக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட உடனே வெட்கமாக இருந்தது.

கனகா தயங்கினாள். "இப்ப அவுகளுக்கு அது தொளதொளன்னுதான் இருக்கும். வேற ரவிக்கைக்கு நான் ஏதாவது சொல்லிக்கிடுதேன். ஆனா யக்கா, அவுக முன்னால முந்தியச் சுத்திப் போர்த்திக்கிடுங்க. அந்தப் பட்ட தெரிஞ்சுதுன்னா என் பொழப்பு போச்சு."

சுடிதாரிலேயே நின்றிருக்கலாம். அத்தையின் முகம் கறுத்திருக்கும், அவ்வளவுதானே? அன்று அது அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை அத்தையின் பட்டைக் கட்டிக்கொண்டேன். ஃபால்ஸ் தைக்கிறவர் ஏமாற்றிவிட்டார், ரவிக்கை மட்டும்தான் கிடைத்தது என்றேன். கொசுவம் மூன்று மடிப்புதான். அத்தை கண்ணில் படும்முன் முந்தியைக் கழுத்தைச் சுற்றி இரண்டு தோளிலும் இழுத்துப் போர்த்தி, உள்ளிருந்து கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன். கோயில் மண்டபத்தில் அனல். "வேக்காட்டுல எதுக்கு இப்படிப் போர்த்திக்கிட்டு நிக்கா?" என்று யாரோ கேட்க, "திருச்சிப் பிள்ளையில்லா, அடக்கம்" என்று யாரோ பதில் சொன்னது கேட்டது.

பெரியத்தை வந்தார். கனகா ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம் பிடித்திருந்தார்கள். அரக்குச் சிவப்புப் பட்டு அவரை இரண்டு சுற்றுச் சுற்றியும் மிஞ்சி, கொசுவம் பெரிய கட்டாக முன்னால் நின்றது. ரவிக்கை கறுப்பு. எதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். நடக்கத் தெம்பில்லாதவர் சேலையைத் தடவித் தடவிப் பார்த்தார்.

என் தம்பி திருச்சியிலிருந்து வந்து மகிழை மடியில் வைத்துக்கொண்டான். மொட்டைத் தலையில் சந்தனம். ஆசாரி ஒரு காதைக் குத்தியதும் அவள் அலறினாள். "அம்மா!" என்று இரண்டு கையையும் என்னை நோக்கி நீட்டினாள். தம்பியின் பிடியிலிருந்து நழுவினாள்.

நான் இரண்டு கையாலும் பாய்ந்து பிடித்தேன். இரண்டு கையாலும்.

முந்தி தரையில் கிடந்தது. இன்னொரு காதையும் குத்தி முடிக்கும் வரை அவளை அழுத்திப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்து நின்றேன். நிமிர்ந்தபோது பெரியத்தையின் கண் என் பக்கம்தான் இருந்தது. அழுகிற குழந்தையையா, என் கையையா? அத்தை முதல் எல்லோரும் குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரும் அப்படித்தான் பார்த்திருக்க வேண்டும். பின்னால் நின்ற கனகாவின் முகம் மட்டும் வெளுத்திருந்தது.

மதியம் சாப்பாடு முடிந்து வீட்டுக்கு வந்தார்கள். பெரியத்தை உள் அறைக்குப் போய்ப் பட்டை மாற்றிவிட்டு நூல் சேலையில் வெளியே வந்தார். மடித்த பட்டு கையில் இருந்தது. அத்தை, கனகா, என் தம்பி எல்லோரும் இருந்தார்கள். அவர் சுவரைப் பிடித்தபடி நேரே என்னிடம் வந்து அதை என் கையில் வைத்தார்.

"நீ வச்சுக்கிடு மக்கா."

"ஐயோ, வேண்டாம் பெரியத்தை. பெரிய மாமா உங்களுக்காக நெய்ய வச்சதில்லையா?"

"உடுத்திப் பாத்துட்டேன், ஆச தீந்துட்டு. இப்ப இது எனக்குப் பாரம். கனகாவுக்குக் குடுத்தா இவள மூணு சுத்துச் சுத்தும். இந்தச் சேல ஒரு நல்ல உடம்பப் பாத்த சேல. உனக்குத்தான் பத்தும்." கனகாவின் பக்கம் திரும்பி, "என்னட்டி, சரிதான?" என்றார்.

"சரிதான் அத்தை" என்றாள் கனகா.

அத்தை அழுதுவிட்டார். "யக்கா உடுத்தினத வாங்கிக்கிட ஒரு குடுப்பினை வேணும் மக்கா" என்று சொல்லி, சேலையை என் கையிலிருந்து வாங்கித் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

தம்பி சாயங்காலம் போய்ப் பிரியாணி வாங்கி வந்தான். அத்தனை நாள் காத்திருந்தும் எனக்கு இறங்கவில்லை. மறுநாள் நாங்கள் கிளம்பும்போது ஒரு வேன் வந்து நின்று, தொலைந்த பெட்டியை இறக்கிவிட்டுப் போனது.

இப்போது லீட்ஸில் என் அலமாரியில் சேலையும் ரவிக்கையும் மறுபடி ஒன்றாக இருக்கின்றன. ரவிக்கையைத் திருப்பிக் கொடுக்க அதன் பிறகு சந்தர்ப்பம் அமையவில்லை. இருக்கட்டும் என்று கனகாவும் சொல்லிவிட்டாள். போனில் அவள் ஒவ்வொரு முறையும் கேட்பது ஒன்றுதான்: "அத்தை உங்ககிட்ட எதும் சொன்னாகளா யக்கா? எங்கிட்ட முன்னைக்கு இப்பம் ரொம்பப் பிரியமா இருக்காக. அதான் பயமா இருக்கு."

போன வாரம் பெரியத்தையே அழைத்தார். குரலில் தெம்பு கூடியிருந்தது. "அந்தச் சேலைய உடுத்தி ஒரு போட்டோ அனுப்பு மக்கா. என் படத்துக்குப் பக்கத்துல மாட்டி வைக்கணும்" என்றார். வைக்கும்முன் இதையும் சொன்னார்: "அதோட ரவிக்கையத்தான் தேடிக்கிட்டே இருக்கேன். இங்கன எங்கேயும் காணல. உனக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். கெடச்சா கனகாகிட்டச் சொல்லி அனுப்புதேன்."

அவர் பார்த்துவிட்டுத்தான் இப்படிக் கேட்கிறாரா? நீயாகச் சொல்லு என்று எனக்கு வழிவிடுகிறாரா? அல்லது ஒன்றும் தெரியாமல், எனக்காக அந்த மெலிந்த கையால் பீரோவைத் துழாவிக்கொண்டிருக்கிறாரா? பச்சைப் பட்டை ரவிக்கையைப் போட்டுப் படம் அனுப்பினால், பார்க்காதவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். தன் வீடு தன்னை ஒருநாள் இறந்தவளாக எண்ணியதும் தெரிந்துவிடும். வேறு ரவிக்கையைப் போட்டு அனுப்பினால், பார்த்தவருக்கு நான் இன்னும் பொய் சொல்வது தெரியும். அவரும் தேடிக்கொண்டே இருப்பார்.

கனகாவிடம் கேட்டேன். நீங்களே பார்த்துச் செய்யுங்கள் என்று அழுகிறாள். கணவர், இதில் என்ன இருக்கிறது என்கிறார். இதைப் படிக்கிறவர்களில் மருமகள்களும் மாமியார்களும் இருப்பீர்கள். நோயில் கிடந்து எழுந்தவர்களும் இருப்பீர்கள். நீங்கள் பெரியத்தையாக இருந்தால் எந்தப் படத்தைப் பார்க்க விரும்புவீர்கள்? தயவுசெய்து சொல்லுங்கள். இரண்டு ரவிக்கையையும் தேய்த்து வைத்திருக்கிறேன்.